விடிய எடுத்தால் காணும்

டாக்டர் பஷீர் 1996-ஆம் ஆண்டை அறிக்கையிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அது என் மனைவி யோகலட்சுமி அளந்த ஆண்டு.

நான் சரி என்றேன். அந்த நாட்களில் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது 1998 ஆகஸ்ட். யோகா இறந்து பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. டெங்கிக் காய்ச்சல். ஒன்பது நாள்.

அவள் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பிரிவில் ஆய்வு உதவியாளராக இருந்தாள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் இஸ்மாயில் என்ற விவசாயியின் நெல் வயல். அதை ஒட்டி லாலாங் புல் மண்டிய ஒரு தரிசு. இரண்டிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். உள்ளே இருக்கும் காற்றை ஊசிக்குழாயில் இழுத்துச் சிறு குப்பிகளில் அடைப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் இழுப்பார்கள். கரியமில வாயு குறைந்திருந்தால் வயல் வாங்குகிறது. கூடியிருந்தால் வயல் விடுகிறது. வேலை அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று வேளை: விடிவதற்கு முன் ஐந்தரைக்கு, நண்பகலில், மாலையில்.

விடிவதற்கு முன் எடுப்பதற்குக் காரணம் உண்டு. இலை வெளிச்சத்தில்தான் கரியமில வாயுவை வாங்கும். மண்ணும் வேரும் புழுவும் இரவு பகல் பாராமல் விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் பெட்டி காட்டுவது வரவும் செலவும் கழிந்த மிச்சம். இருட்டில் காட்டுவது செலவு மட்டும்.

1998-இன் தொடக்கத்தில் கடும் வறட்சி. மூடா ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் பாதியாகிவிட்டது. இஸ்மாயில் இரண்டு மாதம் தாமதமாக நட்டார். அதுவரை வெயிலில் வெடித்துக் கிடந்த மண் கரியை விட்டுக்கொண்டே இருந்தது. நட்ட பிறகும் பயிர் காலை பத்து மணிக்கெல்லாம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. சூடு கூடினால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். மண் மூடிக்கொள்ளாது. இதையெல்லாம் யோகாவுக்குப் பின் வந்தவர்கள் மூன்று வேளையோடு நிற்காமல் இடையிலும் அடிக்கடி ஒழுங்காக அளந்து வைத்திருந்தார்கள். ஆனால் நல்ல மழை பெய்த ஒரு ஆண்டு பக்கத்தில் இருந்தால்தான் வறண்ட ஆண்டின் எண்ணுக்குப் பொருள் உண்டு. அந்த நல்ல ஆண்டு யோகாவின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது.

நோட்டுப் புத்தகம் தமிழில் இருந்தது. நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. பென்சிலால் எழுதியிருந்தாள். ஈரக் கையில் பேனா மை கரையும். ஆய்வுக்கூடத்தில் வந்த எண்களை அங்கேயே சிவப்பில் குறித்திருந்தார்கள். பிறகு படிவத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அப்போதிருந்த பேராசிரியர் விட்டுவிட்டார். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

அவருக்குப் பின் ஆய்வுக்கும் அறிக்கைக்கும் பொறுப்பேற்ற டாக்டர் பஷீர் பினாங்கிலேயே பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார். படிக்கத் தெரியாது. எனவே என்னைக் கூப்பிட்டார். நான் வேதியியல் படித்தவன். மாக் மண்டினில் ஒரு பெயின்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. சனி, ஞாயிறு ஓய்வு. ஓய்வில் செய்ய எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து நாற்பத்தேழு செவ்வாய்க்கிழமைகளையும் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று வரி. விடிய, மத்தியானம், பின்னேரம். நெல் ஒரு பத்தி, புல் ஒரு பத்தி. விடிய என்று இருந்த இடத்திலெல்லாம் 5.30 என்று போட்டேன். விதிமுறையில் அப்படித்தான் இருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் பஷீர் கூப்பிட்டனுப்பினார். அன்று வெள்ளிக்கிழமை. அவர் அறையில் மேசைமேல் நான் ஏற்றிய தாள்கள். சில எண்களைச் சுற்றி வட்டம்.

"இருட்டுல எந்தப் பயிராச்சும் கரியமில வாயுவ உள்ள வாங்குமா, நல்லமுத்து? ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

வாங்காது என்றேன்.

"இங்க வாங்கியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. வருஷம் பூரா. பெட்டிக்குள்ள சூடு பாருங்க. இருபத்தெட்டு, இருபத்தொம்பது. காலைல அஞ்சரைக்கு?"

நானும் அந்த எண்களைப் பார்த்துத்தான் ஏற்றியிருந்தேன். ஏற்றும்போது ஒன்றும் தோன்றவில்லை. கை எழுதியது.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. நல்ல பொண்ணு. தூங்கிட்டு ஒம்பது மணிக்குப் போயிருக்கும், அஞ்சரைன்னு எழுதியிருக்கும். நானும் படிக்கிறப்ப செஞ்சிருக்கேன் லா. ஆனா அறிக்கைல போட முடியாது."

திங்கட்கிழமை மாலை அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் வேறு விளக்கம் கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார். கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் யோசித்தேன். திங்கட்கிழமை இரவுகளில் அவள் கெப்பாலா பத்தாஸில் தன் அக்கா சற்குணத்தின் வீட்டில் தங்குவாள். அங்கிருந்து வயலுக்குப் போய்விட்டுச் செவ்வாய் இரவு திரும்புவாள். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளுக்குச் சீக்கிரம் எழுவது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுப்பினாலும் தலையணையை முகத்தின்மேல் போட்டுக்கொள்வாள். அதே சமயம் இல்லாததை எழுதுகிறவளும் அல்ல. இரண்டும் உண்மை. டத்தோ கெராமாட் சாலையில் இறங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோகாவின் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவளுடைய அப்பா கந்தப்பு ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னுடைய பாட்டன் கப்பலேறி வந்தது தோட்டத்துக்கு. கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் போக்குவரத்து இல்லை. சற்குணம் அக்கா மட்டும் மாதம் ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிடுவார். சாப்பிட்டீர்களா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன்.

அன்று மாலை நானே கூப்பிட்டேன். யோகா செவ்வாய்க்கிழமைகளில் வயலுக்கு எப்போது போவாள் என்று கேட்டேன்.

"விடிய போவாள். ஏன் தம்பி?"

"கண்டிப்பா விடியத்தானா அக்கா?"

"ஓம். ஒவ்வொரு கிழமையும் விடியத்தான். என்ன பிரச்சினை?"

தொலைபேசியில் சொல்லத் தெரியவில்லை. கணக்கில் ஒரு சந்தேகம் என்றேன். அவர் மறுநாள் எப்படியும் ஜார்ஜ் டவுனுக்குக் கடைக்கு வரவேண்டியிருக்கிறது, விடிய வந்துவிடுகிறேன், நேரில் பேசுவோம் என்றார்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் போயிருக்கிறாள். தூங்கவில்லை. அப்படியானால் குப்பிகள் மாறியிருக்க வேண்டும், அல்லது தெர்மாமீட்டர் பழுது, அல்லது ஆய்வுக்கூடத்தில் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். ஆண்டு போனாலும் போகட்டும். அவள் பொய் எழுதவில்லை. அன்று ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை நாலரைக்கே எழுந்து குளித்தேன். சற்குணம் அக்கா வந்ததும் தேநீர் போடலாம் என்று தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. கடலைக் கடக்கும் பெரிப் படகு தாமதமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறே முக்காலுக்கு எதிர் வீட்டு ஆசியா பீவி வாசலைப் பெருக்க வந்து, ஏன் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறாய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். விருந்தாளி வருகிறார்கள் என்றேன். இந்நேரத்துக்கா என்று உள்ளே போய்விட்டார். தண்ணீரை மூன்று தடவை கொதிக்க வைத்தேன்.

எட்டு மணிக்குப் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. கெப்பாலா பத்தாஸுக்குப் போன் செய்தேன். அக்காவின் கணவர் அப்புத்துரை எடுத்தார். மத்தியான வகுப்புப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அவள் இப்போதுதான் வெளிக்கிட்டாள், அதுவரை புட்டு அவித்துக்கொண்டு நின்றாள் என்றார். குரலில் அவசரம் எதுவும் இல்லை.

ஒன்பது இருபதுக்குச் சற்குணம் அக்கா வந்தார். கையில் தூக்குச்சட்டி. மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"வழியில ஏதும் ஆச்சா அக்கா?"

"ஏன்? நேரத்தோடதானே வந்திட்டன்."

"விடிய வரேன்னீங்க. நான் அஞ்சு மணிலேருந்து ஒக்காந்திருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு ஆர் தம்பி வருவினம்? களவெடுக்கவோ?"

"விடியன்னா அஞ்சு, அஞ்சரைதானே?"

"அது விடியப்புறம். விடிய எண்டா காலமை. வெயில் எறிச்சு, ஆக்கள் குளிச்சுச் சாப்பிட்ட பிறகு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஐயோ பாவம். தேத்தண்ணியாவது குடிச்சியளோ?"

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். அவர் தூக்குச்சட்டியை மேசைமேல் வைப்பதற்குள் நோட்டை அவர் முன் விரித்துவிட்டேன்.

தேதியும் எண்களும் தொடங்குவதற்கு முன், முதல் பக்கத்தில் யோகா ஒரு வரி எழுதியிருந்தாள். எத்தனையோ தடவை நான் படித்த வரி. "பேராசிரியரிட்டைக் கேட்டன். விடிய எடுத்தால் காணும் எண்டார்." விடியற்காலை இருட்டில் எடுத்தால்தான் மண் விடுவது கண்ணுக்குத் தெரியும் என்று நான் பொருள் கொண்டிருந்தேன். அறிவியலும் அதைத்தானே சொல்கிறது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சற்குணம் அக்காவிடம் அதைப் படித்துப் பொருள் சொல்லச் சொன்னேன்.

"இதில என்ன கிடக்கு? காலமை எடுத்தால் போதுமாம். அவள் கேட்டிருக்கிறாள், அந்தாள் ஓம் எண்டிருக்கிறார்."

"காணும்னா போதும்னு அர்த்தமா?"

"வேற என்ன? சோறு காணுமோ எண்டு கேக்கிறேல்லையோ?"

நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் காணும் என்றால் கண்ணுக்குத் தெரிவது. காணோம் என்றால் தொலைந்தது.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த வயலுக்குப் போகிற வரப்பில் பாம்பு. இருட்டுக்குள் தனியாகப் போகக்கூடாது என்று முதல் வாரமே தடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் யோகா பேராசிரியரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு செவ்வாயும் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் புறப்படுவாள். அப்புத்துரைதான் காரில் கொண்டுபோய் விடுவார். எட்டே முக்காலுக்கு முதல் பெட்டியைக் கவிழ்ப்பாள். ஒரு நாளும் பிந்தவில்லை. அவளுக்குப் பெட்டி தூக்கிக் கொடுத்தே தனக்கு முதுகுவலி வந்தது என்று அப்புத்துரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"எங்கிட்ட அவ விடியன்னு சொன்னதே இல்ல அக்கா. காலையிலன்னுதான் சொல்லுவா."

"உங்களோட உங்கட மாதிரிக் கதைப்பாள். எங்கட வீட்டுக்கு வந்தா எங்கட மாதிரி. சிலவேளை மாறிப்போய் எங்களிட்டையும் வாங்க போங்க எண்டுவாள். அப்பா ஏசுவார், இதென்ன இந்தியாக்காரர் பாஷை எண்டு. அவள் விடமாட்டாள். நீங்கள் இவரின்ர வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுப் பாருங்கோ, பிறகு பாஷையைப் பற்றிக் கதையுங்கோ எண்டு சொல்லி உங்கட வீட்டு ரசத்தை வைச்சுத் தருவாள்."

இது எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் பேசியதெல்லாம் அவளுடைய பேச்சு என்றே நினைத்திருந்தேன். நோட்டில் மட்டும் தன் வழக்கில் எழுதியிருக்கிறாள். அதை என் வழக்கில் படித்து அவளைப் பொய்க்காரி ஆக்கியது நான்.

சற்குணம் அக்கா புட்டைத் தட்டில் போட்டார். சாப்பிட்டேன். பின்னேரம் என்றால் எத்தனை மணி என்று கேட்டேன். நாலு, ஐந்து என்றார். அது சரியாக இருந்தது. மற்றச் சொற்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். நோட்டின் கடைசிப் பக்கம் வரை போக மத்தியானம் ஆகிவிட்டது. அவர் கடைக்குப் போகவே இல்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டர் பஷீரைப் பார்த்தேன். நேரம் தவறு, தவறு என்னுடையது, அவள் எழுதியது எட்டே முக்கால் என்றேன். சொல்லின் கதையையும் சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ஒரு சொல்லை நம்பி ஒரு ஆண்டை உள்ளே சேர்க்க முடியாது என்றார். அது நியாயம். நான் அதை எதிர்பார்த்திருந்தேன்.

பட்டர்வொர்த் வானிலை நிலையத்தின் 1996-ஆம் ஆண்டுப் பதிவு அவருடைய அலமாரியிலேயே இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தோம். அவர் காலை ஒன்பது மணி வெப்பநிலையை வாசித்தார். நான் யோகாவின் எண்ணை வாசித்தேன். மழை நாளில் இரண்டும் சேர்ந்து இறங்கின. வெயில் நாளில் இரண்டும் சேர்ந்து ஏறின. பெட்டிக்குள் எப்போதும் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கூட. மூடிய பெட்டியில் அப்படித்தான் இருக்கும். பதினெட்டாவது செவ்வாய்க்கிழமையோடு டாக்டர் பஷீர் வாசிப்பதை நிறுத்தினார். ஐந்தரை மணி வரிசையை ஒரு தடவை ஒத்துப்பார்த்தார். எங்கும் பொருந்தவில்லை.

"நான் அந்தப் பொண்ணப் பத்திச் சொன்னத மறந்துருங்க."

சரி என்றேன்.

மழை ஆண்டையும் வறண்ட ஆண்டையும் அடுத்தடுத்து வைத்தோம். பருவம் வேறு என்றாலும் பயிரின் வயது ஒன்றாக இருக்கிற வாரங்களை எடுத்தோம். 1996-இல் காலை எட்டே முக்காலுக்கு நெல் வாங்கியதில் பாதியைத்தான் 1998-இல் அதே நேரத்தில் வாங்கியிருந்தது. லாலாங் புல்லில் வித்தியாசம் குறைவு. அதன் வேர் ஆழமானது. டாக்டர் பஷீர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, இதுதான் வேண்டியிருந்தது என்றார். நேரம் என்ற இடத்தில் காலை என்பதற்கு மலாயில் பாகி என்று போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"வேணாம் சார். பாகின்னா ராத்திரி ரெண்டு மணியும் பாகிதான். மணியையே போட்டுடலாம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, இன்னொரு சிக்கலைச் சொன்னார். காலை நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டுக்கு இருட்டு நேரக் கணக்கு இப்போது ஒன்றுகூட இல்லை. அது இல்லாமல், அந்த மழை ஆண்டில் வயல் மொத்தத்தில் கரியைச் சேர்த்ததா இழந்ததா என்று சொல்ல முடியாது. அறிக்கை கேட்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"1998 ராத்திரிக் கணக்கு நம்மகிட்ட இருக்கு. சூட்ட வச்சுக் கொறச்சு, 1996-க்கு ஒரு எண்ணு போட்டுடலாம். எல்லாரும் செய்றதுதான். கீழ சின்னதா ஒரு குறிப்பு. தப்பு இல்ல லா."

தப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆலையில் நானே அப்படி இடைவெளிகளை நிரப்பியிருக்கிறேன். எண் நெருக்கமாகவே வரும். அட்டவணை முழுதாக இருக்கும். வறண்ட மண் இருட்டில் விட்டதை வைத்து, தண்ணீர் நின்ற மண் எவ்வளவு விட்டிருக்கும் என்று ஊகிப்பது. ஆனால் அட்டவணையின் தலைப்பில் அளந்தவர் என்று அவள் பெயர் இருக்கும்.

"அவ அத அளக்கல சார்."

"அதான் குறிப்புப் போடுறோமே."

"காலியா விட்டுடுங்க."

சரி என்று சொல்லாமல் நான் அவரிடம் பிடிவாதமாக நின்றது அதுதான் முதல் தடவை. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலியாக விட்டால் மேலதிகாரிகள் கேள்வி கேட்பார்கள் என்றார். கேட்டால், அளக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நாற்பத்தேழு இடங்களில் 5.30-ஐ அழித்து 8.45 என்று போட்டேன். விடிவதற்கு முன் என்ற பத்தியில் அந்த ஆண்டுக்கு ஒன்றும் போடவில்லை. மாலை நாலரைக்கு அது அச்சுக்குப் போயிற்று.